மூச்சை அளந்த கதை

காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்க வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தைப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துத் தம் நிலையை ஓர் எண்ணாகவே தெரிந்துகொள்கிறார். ஆனால் ஒருவர் "மூச்சு வாங்குகிறது" என்று சொன்னால், எவ்வளவு வாங்குகிறது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. வயதாகிவிட்டது, உடம்பு கனத்துவிட்டது, குளிர் காலம் என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு இருந்துவிடுகிறோம்.

இப்படி இருந்துவிட முடிவதற்கு நுரையீரலின் அமைப்பே ஒரு காரணம். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்றுதான் உள்ளே போய் வெளியே வருகிறது. ஆனால் நன்றாக இழுத்து முழுவதையும் ஊதினால், வளர்ந்த ஆண் ஒருவரால் நான்கு லிட்டர், அதற்கு மேலும்கூட வெளியேற்ற முடியும். அதாவது, அன்றாடச் செலவைப்போல் பல மடங்கு கையிருப்பு நம்மிடம் இருக்கிறது. அந்தக் கையிருப்பு கரையத் தொடங்கினால் உடனே தெரிவதில்லை. நடக்கவே இளைக்கும் நாளில்தான் மருத்துவரிடம் போகிறோம். அதற்குள் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

கையிருப்பை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வழி உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் கதைதான் நுரையீரல் செயல்திறன் சோதனையின் வரலாறு. அதனுள்ளே இன்னொரு கேள்வியும் தொடக்கத்திலிருந்தே ஒளிந்திருக்கிறது. அளந்து ஓர் எண்ணைப் பெற்றுவிட்டோம். அதை எதோடு ஒப்பிடுவது?

முதல் முயற்சிகள்

இத்தாலிய அறிஞர் போரெல்லி, விலங்குகளின் அசைவைப் பற்றி எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1680-81இல் வெளிவந்தது. மூக்கை மூடிக்கொண்டு, ஒரு குழாய் வழியாக நீர்மத்தை உறிஞ்சி, அது ஏறிய அளவைக்கொண்டு ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவை அவர் கணக்கிட்டார்.

1800இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி இதைவிடக் கடினமான ஒரு கணக்கைப் போட்டார். எவ்வளவு முயன்று ஊதினாலும் நுரையீரலுக்குள் சிறிது காற்று தங்கியே தீரும். வெளியே வராத அந்தக் காற்றை அளப்பது எப்படி? டேவி ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசித்தார். உள்ளே தங்கியிருந்த காற்றோடு கலந்து அது எவ்வளவு நீர்த்துப்போயிற்று என்று பார்த்து, எஞ்சிய காற்றின் அளவைக் கண்டார். வாயுவை நீர்க்கச் செய்து அளக்கும் இந்த முறை, ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியத்தோடு, இன்றும் ஆய்வுக்கூடங்களில் உள்ளது.

இவையெல்லாம் அறிவியல் ஆர்வத்தால் செய்தவை. தொழிலாளரின் நலனுக்காக மூச்சை அளந்தவர்களில் முன்னவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் சார்லஸ் டர்னர் தாக்ரா. நூலாலைகளிலும் பட்டறைகளிலும் தூசியை விழுங்கி உழைத்தவர்களை அவர் ஆராய்ந்தார். அவர்களில் சிலருடைய மூச்சையும் அளந்தார். எந்தத் தொழில் எந்த நோயைத் தருகிறது என்பதை விளக்கும் அவருடைய நூல் 1831இல் வெளிவந்தது. 1833இல் அவர் காசநோயால் இறந்தார்.

தண்ணீரில் மிதந்த உருளை

அந்நாளில் இங்கிலாந்தில் ஆட்களை அதிகமாகக் கொன்ற நோய்களுள் முதன்மையானது காசநோய். கிருமி தெரியாது, எக்ஸ் கதிர் கிடையாது. மருத்துவரிடம் இருந்தவை விரல்களும் ஸ்டெதாஸ்கோப்பும்தாம். நெஞ்சில் ஒலி மாறுவதற்குள் நோய் முற்றியிருக்கும்.

நியூகாசில் வட்டாரத்தில் 1811இல் பிறந்த மருத்துவர் ஜான் ஹட்சின்சன் வேறொரு வழியைத் தேடினார். அவர் லண்டனில் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் மருத்துவராகவும் இருந்தார். காப்பீட்டுக் கம்பெனிக்கு வேண்டியது என்ன? இந்த மனிதர் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்று சொல்லக்கூடிய ஓர் எண். ஹட்சின்சன் அந்த எண்ணை மூச்சில் தேடினார்.

அவர் செய்த கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். மூச்சுமானி என்று நாம் சொல்லலாம். அதன் அமைப்பு எளிது. ஒரு தொட்டியில் தண்ணீர். அதில் கவிழ்த்து வைத்த ஓர் உலோக உருளை. உருளையின் எடையைக் கப்பிகள் வழியே தொங்கும் எடைக்கற்கள் ஈடுசெய்யும். ஆதலால் சிறிது காற்று உள்ளே போனாலும் உருளை உயரும். சோதிக்கப்படுபவர் உடையைத் தளர்த்திக்கொண்டு நேராக நிற்பார். முடிந்தவரை காற்றை இழுத்து, குழாயில் முழுவதையும் ஊதுவார். உருளை எவ்வளவு உயர்ந்தது என்பதை அளவுகோல் காட்டும். உடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று கருவிக்குள் குளிர்ந்து சுருங்கும் என்பதையும் ஹட்சின்சன் மறக்கவில்லை. வெப்பநிலைக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார்.

ஒரே மூச்சில் வெளியேற்றக்கூடிய இந்த முழு அளவுக்கு அவர் இட்ட பெயர் உயிர்ப்புத் திறன்.

கருவி செய்ததைவிட, அதைக்கொண்டு அவர் செய்த வேலைதான் பெரிது. மாலுமிகள், தீயணைப்போர், போலீஸ்காரர், படைவீரர், அச்சுக்கோப்போர், குத்துச்சண்டைக்காரர், ஏழை விடுதியில் இருந்தோர், சீமான்கள் என்று 2,130 பேரை அளந்து, முடிவுகளை 1846இல் வெளியிட்டார். பெண்கள் மிகச் சிலரே.

எடை கூடினால் மூச்சு கூடும் என்று எண்ணுவது இயல்பு. ஹட்சின்சன் கண்டது அதுவன்று. மூச்சின் அளவு உயரத்தைப் பின்பற்றியது. 5 அடிக்கும் 6 அடிக்கும் இடையில் ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் 8 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 130 மில்லி லிட்டர், கூடியது. 5 அடி 7 அங்குலத்துக்குச் சற்று மேல் உயரமுள்ளவருக்கு 230 கன அங்குலம். அது ஏறத்தாழ 3.8 லிட்டர். நடுவயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் சுமார் ஒன்றரைக் கன அங்குலம் குறைந்தது. இன்றைய நுண்கருவிகள் காட்டும் குறைவும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

ஆக, ஒருவருடைய உயரமும் வயதும் தெரிந்தால் அவருக்கு எவ்வளவு மூச்சு இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியலைப் பார்த்துச் சொல்லலாம். அதைவிட மிகக் குறைந்தால் நோயை ஐயுறலாம். மருத்துவத்தில் இது புதிய சிந்தனை.

ராட்சதன் ஃப்ரீமன்

ஹட்சின்சன் அளந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஃப்ரீமன். உயரம் ஏறத்தாழ 6 அடி 11 அங்குலம். அமெரிக்க ராட்சதன் என்று மக்கள் அவரை அழைத்தனர். 1842 நவம்பரில் அவர் ஊதிய காற்று 434 கன அங்குலம், ஏழு லிட்டருக்கும் மேல்!

இரண்டு ஆண்டுகள் கழித்து 1844 நவம்பரில் அவர் மறுபடி வந்தார். இம்முறை 390. பின்னர் பார்த்தபோது 344. நெஞ்சொலி கேட்பதில் தேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்தும் நோய் எதுவும் அகப்படவில்லை. ஆனால் 1845 அக்டோபரில் ஃப்ரீமன் காசநோயால் இறந்துபோனார்.

இதை ஸ்பைரோமீட்டரின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். வெற்றிதான். ஆனால் அது எதனால் வந்தது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 344 கன அங்குலம் என்றால் ஏறத்தாழ 5.6 லிட்டர். சராசரி மனிதனுக்கு இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. 1844இல் மட்டும் ஃப்ரீமனை அளந்திருந்தால், எந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றே யாரும் முடிவு செய்திருப்பார்கள். நோயைக் காட்டிக்கொடுத்தது 344 என்ற எண் அன்று. 434க்கும் 344க்கும் உள்ள வேறுபாடு. ஃப்ரீமனைப் பிறரோடு ஒப்பிட்டதால் தெரியாதது, ஃப்ரீமனை ஃப்ரீமனோடு ஒப்பிட்டதால் தெரிந்தது.

பின்வந்தவர்கள் பட்டியலைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பாடத்தை மீண்டும் கற்க நெடுங்காலம் ஆயிற்று.

நீங்களும் அளந்து பார்க்கலாம்

ஹட்சின்சனின் தத்துவத்தை வீட்டிலேயே செய்து பார்க்க இயலும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை எடுத்து, அரை லிட்டர் அரை லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் வெளிப்புறம் கோடு போடுங்கள். கேன் நிறைந்ததும் வாயை மூடி, பாதி தண்ணீர் உள்ள அகலமான தொட்டியில் கவிழ்த்து, நீருக்குள் வைத்தே மூடியை எடுங்கள். ஒருவர் கேனைப் பிடித்துக்கொள்ள, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் கேனின் வாய்க்குள் செலுத்துங்கள். மறுமுனையில், நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு முழுவதும் ஊதுங்கள். காற்று மேலே சேர்ந்து தண்ணீரைக் கீழே தள்ளும். காற்று எந்தக் கோடுவரை நிற்கிறதோ அதுவே உங்கள் உயிர்ப்புத் திறன். மூன்று முறை ஊதி, கூடுதலான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாய் வைத்த குழாயைக் கழுவாமல் மற்றவர் வைக்கக் கூடாது. தலை சுற்றினால் நிறுத்திவிடவேண்டும். இது தத்துவத்தை விளக்கும் பரிசோதனை மட்டுமே. நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய உதவாது.

உங்கள் வகுப்பில் உள்ளவர்களின் உயரத்தையும் மூச்சையும் வரைபடத்தில் குறித்தால், ஹட்சின்சன் கண்ட உறவு உங்களுக்கும் தென்படும்.

எவ்வளவு விரைவில்?

இவ்வளவு பயனுள்ள கருவி ஏன் எல்லா மருத்துவமனைகளிலும் உடனே இடம்பெறவில்லை? ஹட்சின்சனே நெடுநாள் இங்கிலாந்தில் தங்கவில்லை. 1852இல் தங்கம் கிடைத்த ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். அங்கிருந்து ஃபிஜித் தீவுக்குப் போய், 1861இல் அங்கேயே மறைந்தார். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டார். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். சளியில் கிருமியையும் படத்தில் புண்ணையும் நேரில் பார்க்க முடிந்தபின் மூச்சை ஊதச்சொல்லுவானேன் என்று மருத்துவர்கள் நினைத்திருந்தால் வியப்பில்லை.

சோதனையிலும் ஒரு குறை இருந்தது. ஆஸ்துமா நோயாளி ஒருவரை ஊதச் சொல்லி, வேண்டிய நேரம் கொடுத்தால், அவர் மெள்ள மெள்ளப் பெரும்பாலான காற்றையும் ஊதிவிடக்கூடும். எண்ணைப் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் அவர் படும் பாடு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்!

இரண்டு பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டும் நான்கு லிட்டர் கொள்ளும். ஒன்று வாய் அகன்ற குண்டான். மற்றது கழுத்து குறுகிய கூஜா. இரண்டையும் கவிழ்த்தால் வெளியே வரும் தண்ணீர் ஒரே அளவுதான். ஆனால் குண்டான் ஒரு நொடியில் காலியாகும். கூஜா குடுகுடுவென்று நேரம் எடுத்துக்கொள்ளும். மூச்சுக்குழல்கள் சுருங்கிய நுரையீரல் கூஜாவைப் போன்றது. கொள்ளளவை மட்டும் அளந்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கடிகாரத்தையும் கையில் எடுக்கவேண்டும்.

அதைச் செய்தவர்கள் பிரான்சு நாட்டின் ராபர்ட் டிஃபெனோவும் ஆந்த்ரே பினெல்லியும். வேகமாக ஊதச் சொல்லி, முதல் ஒரு வினாடியில் மட்டும் வெளிவரும் காற்றை அவர்கள் அளந்து, 1947இல் பாரிசில் வெளியிட்டனர். அமெரிக்காவில் எட்வர்ட் கென்ஸ்லர் நேரத்தோடு சேர்த்து அளக்கும் முறையை 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரப்பினார். மருத்துவர்கள் எஃப்.இ.வி. ஒன்று என்று குறிப்பது இந்த முதல் வினாடிக் காற்றைத்தான்.

நலமான நுரையீரல், தான் ஊதக்கூடிய மொத்தக் காற்றில் முக்கால் பங்கையோ அதற்கு மேலோ முதல் வினாடியிலேயே வெளியே தள்ளிவிடும். இந்தப் பங்கு மிகக் குறைந்தால் குழல்களில் அடைப்பு என்று பொருள். பங்கு சரியாக இருந்து மொத்த அளவே குறைந்தால், நுரையீரல் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம், அல்லது நெஞ்சு விரியாமல் இருக்கலாம். அதாவது பாத்திரமே சிறியது. கூஜாவா, சிறிய பாத்திரமா என்று பிரித்தறிய இரண்டு எண்கள் போதும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னால், அடைப்பு நீங்கக்கூடியதா நிலைத்துவிட்டதா என்பதும் தெரியும். ஆஸ்துமாவையும், புகையாலும் தூசியாலும் வரும் நாட்பட்ட மூச்சடைப்பு நோயையும் வேறு பிரிக்க இது பெரிய உதவி.

சுரங்கமும் பஞ்சாலையும்

முதல் வினாடிக் காற்று மருத்துவருக்குக் கிடைத்த அதே காலத்தில், தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் நுரையீரலில் கரித்தூசி படிந்து துன்புற்றுக்கொண்டிருந்தனர். இழப்பீடு யாருக்கு, எவ்வளவு என்பது அன்றாடச் சோற்றைப் பற்றிய கேள்வி. எக்ஸ் கதிர்ப் படம் தூசியைக் காட்டும். அந்த மனிதரால் எவ்வளவு உழைக்க முடியும் என்பதைக் காட்டாது. 1945இல் கார்டிஃபுக்கு அருகில் லாண்டோ மருத்துவமனையில் தூசி நோய்களுக்கென ஓர் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. சார்லஸ் ஃப்ளெட்சர் அதன் முதல் இயக்குநர். மூச்சை அளப்பது அங்கே அன்றாட வேலையாயிற்று.

அங்கே பணியாற்றிய மெக்கெரோ முதலியோர் தொழில்நோய் அறிஞர் ஷில்லிங்குடன் சேர்ந்து லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளரின் மூச்சை அளந்து, 1958இல் முடிவுகளை வெளியிட்டனர். ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சை இறுக்குகிறது என்று அத்தொழிலாளர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஊதச் சொல்லிப் பார்த்ததில், ஒரே நாளில் மூச்சுத் திறன் இறங்குவது எண்ணாகவே தெரிந்தது. சோம்பல் என்றோ பாசாங்கு என்றோ இனித் தள்ள முடியாது. கோவை, மதுரை போன்ற ஆலை நகரங்களில் வாழ்வோர்க்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். காலையில் வந்த தொழிலாளியை மாலையில் போகும் அதே தொழிலாளியோடு ஒப்பிட்டனர். ஃப்ரீமனின் பாடம் மீண்டும் வந்துவிட்டது.

இதை நோயாளியின் கைக்கே கொண்டுவந்தவர் அதே ஆராய்ச்சிப் பிரிவின் மார்ட்டின் ரைட். ஒருவர் எவ்வளவு வேகமாக ஊத முடியும் என்பதைக் காட்டும் உச்ச வேகமானியை அவரும் மெக்கெரோவும் 1959இல் அறிவித்தனர். ஊதும் காற்று ஒரு தகட்டைச் சுருள்வில்லுக்கு எதிராகத் திருப்பும். முள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும். 1970களில் ரைட் அதைச் சட்டைப்பையில் கொள்ளும் பிளாஸ்டிக் குழாயாகச் சிறிதாக்கினார்.

ஆஸ்துமா உள்ளவர் காலையும் மாலையும் ஊதி, எண்ணை ஒரு தாளில் எழுதி வருவார். நன்றாக இருந்த நாட்களில் அவர் எட்டிய உச்ச எண்தான் அவருக்கு அளவுகோல். அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 50க்கும் 80க்கும் இடையில் என்றால் எச்சரிக்கை; மருத்துவர் சொல்லிவைத்தபடி மருந்தை மாற்றவேண்டும். 50க்குக் கீழே போனால் தாமதமின்றி மருத்துவ உதவி தேடவேண்டும். இழுப்பு முற்றுவதற்குச் சில நாள் முன்பே எண் இறங்கத் தொடங்குவது உண்டு.

எட்டாண்டுக் கணக்கு

லாண்டோவிலிருந்து லண்டனுக்கு வந்த ஃப்ளெட்சர் வேறொரு புதிரை எடுத்துக்கொண்டார். புகைபிடிப்போருக்கு முதலில் இருமலும் சளியும் வருகின்றன. பிறகு மூச்சடைப்பு வருகிறது. ஆகவே சளியும் அடிக்கடி வரும் நெஞ்சுச் சளிக்காய்ச்சலும்தான் நுரையீரலை அழிக்கின்றன என்று பிரிட்டிஷ் மருத்துவர் பலர் நம்பினர்.

மேற்கு லண்டனில் வேலை செய்த 792 ஆண்களை ஃப்ளெட்சர் குழுவினர் 1961 முதல் எட்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளந்தனர். முடிவுகள் 1976இல் நூலாகவும், 1977இல் ரிச்சர்ட் பீட்டோவுடன் எழுதிய கட்டுரையாகவும் வெளிவந்தன. சளியோ காய்ச்சலோ முதல் வினாடிக் காற்றின் வீழ்ச்சியை விரைவுபடுத்தவில்லை. அதை விரைவுபடுத்தியது புகை. அதுவும் எல்லாப் புகைப்பவரிடமும் அன்று. எளிதில் தாக்குண்ணும் ஒரு பகுதியினரிடம். பிடிக்காதவர் படிப்படியாக இறங்கும் மேட்டில், இவர்கள் சறுக்கி விழுந்துகொண்டிருந்தனர்.

இன்னொரு செய்தியும் கிடைத்தது. புகையை விட்டவருக்கு இழந்த மூச்சு திரும்பவில்லை. ஆனால் அன்றுமுதல் அவருடைய இறக்கம் பிடிக்காதவரின் இறக்கத்தைப்போல் மெதுவாயிற்று. நாற்பது வயதில் அளந்து, நாற்பத்தைந்தில் மறுபடி அளந்தால், யார் சறுக்குகிறார் என்பது அவருக்கு இளைப்பு வருமுன்பே தெரிந்துவிடும். விட்டுவிட இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

யாருடைய அளவுகோல்?

இந்தக் கருவியின் வரலாற்றில் கறைபடிந்த பக்கமும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பின மக்களின் மூச்சுத் திறன் வெள்ளையரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 1851இல் எழுதினார். உழைப்பில் கட்டி வைப்பதே அவர்களுக்கு நன்மை என்று வாதிக்க அதைப் பயன்படுத்தினார். உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களை அளந்த பெஞ்சமின் கூல்டின் அறிக்கை 1869இல் வந்தது. அதுவும் இதேபோன்ற வேறுபாட்டைக் காட்டியது. அப்போதுதான் விலங்கு அறுபட்டவர்கள் எதை உண்டார்கள், எங்கே உறங்கினார்கள், எந்தத் தூசியில் உழைத்தார்கள் என்பது கணக்கில் ஏறவில்லை.

அந்த வேறுபாடு பிறவி இயல்பாகவே பாடநூல்களில் நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டில் கருவியோடு கணிப்பொறி சேர்ந்தபோது, கறுப்பினத்தவர் என்று பொத்தானை அமுக்கினால் இருக்கவேண்டிய அளவைத் தானாகவே 10 முதல் 15 விழுக்காடு குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் சேர்ந்தது. விளைவு என்ன? ஒரே ஆலையில் வேலை செய்து, ஒரே அளவு மூச்சை ஊதும் இருவரில் வெள்ளையர் நோயாளி, கறுப்பினத்தவர் நலமானவர்! 1999இல் பால்டிமோர் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் இழப்பீட்டு வழக்கொன்றில், கறுப்பினத் தொழிலாளருக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்று ஒரு கம்பெனி நீதிமன்றத்தையே கேட்டது. இந்த வரலாற்றை ஆராய்ந்து லண்டி ப்ரான் எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. 2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம், இனத்தைப் பார்க்காத பொது அளவுகோலையே பயன்படுத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஐரோப்பியரை அளந்து செய்த பட்டியலில் வைத்துப் பார்த்தால் நலமான இந்தியர் பலரும் குறையுடையவராகத் தோன்றுவர். அதனால் நம் நாட்டவரை அளந்து பட்டியல் செய்ய முயற்சிகள் நடந்தன. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் நலமான இளைஞரை அளந்து, முடிவுகளை 1990இல் தோராக்ஸ் என்னும் இதழில் வெளியிட்டனர். ஆனால் சொந்தப் பட்டியலிலும் ஓர் அபாயம் உண்டு. குழந்தைப் பருவத்து ஊட்டக் குறைவும், விறகடுப்புப் புகையும், நகரத்துத் தூசியும் நம் சராசரியைக் குறைத்திருந்தால், குறையையே இயல்பு என்று எழுதிவைத்தவர் ஆவோம். எந்தப் பட்டியல் சரி என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

பட்டியல் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். முதன்முறை ஊதுபவரை எதோடாவது ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் இரண்டாம் முறை ஊதுபவருக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைத்துவிடுகிறது: அவருடைய முந்திய எண். அதில் இனம் இல்லை, நாடு இல்லை.

இன்றைய சோதனை

இன்றைய ஸ்பைரோமீட்டரில் தண்ணீரும் இல்லை, உருளையும் இல்லை. உள்ளங்கை அளவுள்ள கருவி காற்றோட்டத்தை உணர்ந்து திரையில் கோடாக வரைந்துவிடுகிறது. ஆனால் ஹட்சின்சன் காலத்தில் வேண்டியிருந்தது இன்றும் வேண்டும்: ஊதுபவரின் முழு முயற்சி. மூக்கை இடுக்கியால் மூடி, குழாயை உதடுகளால் இறுக்கி, முழு மூச்சையும் இழுத்து, "ஊது, ஊது, இன்னும் ஊது" என்று சோதிப்பவர் ஊக்க, கடைசித் துளிவரை ஊதவேண்டும். குறைந்தது மூன்று முறை. அரைமனத்தோடு ஊதினால் எண் பொய் சொல்லும். அண்மையில் மாரடைப்போ கண், நெஞ்சு, வயிற்று அறுவையோ நடந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அடைப்பு உண்டு என்று சொல்லும்; எதனால் என்பதை மருத்துவர்தாம் ஆராயவேண்டும். இழுப்பு இல்லாத நாளில் ஆஸ்துமா நோயாளியின் எண் குறையின்றி இருக்கலாம். ஒரு முறை சரியாக இருந்தது என்பதால் நோயில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஆகவே, நெடுநாளாக இருமல் உள்ளவர், புகைபிடிப்பவர், ஆண்டுக்கணக்காக விறகடுப்பின் முன் நின்றவர், பஞ்சு, கல், சிமெண்டு, மரத்தூள் இவற்றின் தூசியில் உழைப்பவர் இளைப்பு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஒரு முறை மூச்சை அளந்து, அந்தத் தாளை வீட்டுப் பத்திரங்களோடு பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு அது வெறும் எண்ணாகவே தோன்றும். அடுத்த முறை ஊதும்போதுதான் அதன் மதிப்பு தெரியும்.